எரிந்தவர்கள்: மாணவச் சலிப்பின் வரலாறு குறித்துச் சில சிந்தனைகள்

கூஃபாவின் ஆசானாக விளங்கிய அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் வியாழக்கிழமை தோறும் மக்களுக்கு அறிவுரை வழங்கி வந்தார்கள். அதனால் ஈர்க்கப்பட்ட ஒருவர், நாள்தோறும் இவ்வாறு போதிக்கக் கூடாதா என வேண்டினார். உங்களைச் சலிப்படையச் செய்ய நான் விரும்பவில்லை என்பதே என்னைத் தடுக்கிறது என்று கூறிய அவர்கள், நபி (ஸல்) அவர்களும் தோழர்கள் சலிப்புறுவார்களோ என அஞ்சி இடைவெளி விட்டே போதித்தார்கள் என்பதையும் நினைவூட்டினார்கள். இச்செய்தியை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது தொகுப்பில் அறிவு பற்றிய அத்தியாயத்தில் பதிவு செய்துள்ளார்கள். இங்கு ஆர்வத்துடன் கேட்டவர் மாணவர். அந்த ஆர்வத்திற்குப் பின்னால் வரக்கூடிய சலிப்பை எண்ணிக் கவலைப்பட்டவர் ஆசான். இப்பொறுப்புப் பங்கீடே நாம் இக்கட்டுரையில் ஆராய விழையும் பொருளாகும்.

நவீன உளவியல் இச்சலிப்பிற்கு ஒரு பெயரிட்டது அண்மைக் காலத்திலேயே ஆகும். 1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் எனும் உளவியலாளர், பிறருக்குப் பணிபுரிவோரிடம் தாம் கண்ட சோர்வை ‘எரிந்து தீர்தல்’ எனப் பொருள்படும் சொல்லால் வர்ணித்தார். 2002இல் ஷாஃபெலி முதலிய ஆய்வாளர்கள் இக்கருத்தைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் விரிவுபடுத்தி, மூன்று அடையாளங்களை வைத்து அதனை அளவிட்டனர். படிப்பினால் ஏற்படும் கடும் களைப்பு, படிப்பின் பயன் மீதே நம்பிக்கையிழத்தல், தன்னால் இயலாது எனும் உணர்வு என்பனவே அவை. ஆயினும் மாணவனை ‘எரிந்தவன்’ என அழைக்கும் வழக்கம் முஸ்லிம் உலகில் பல நூற்றாண்டுகள் பழமையானது என்பதைப் பலர் அறியார்.

உஸ்மானியப் பேரரசின் மத்ரஸாக்களில் கீழ்நிலை, இடைநிலை வகுப்புகளில் பயின்றோர் ‘ஸுஹ்தே’ எனப்பட்டனர். பிற்காலத்தில் இது ‘ஸோஃப்தா’ என மருவியது. எரிந்தவன் எனப் பொருள்படும் ‘ஸூக்தா’ எனும் பாரசீகச் சொல்லே இதன் மூலமாகும். அறிவின் மீதான காதலில் எரிந்தவன் என்பதே அதன் உட்கருத்து. அது இழிசொல்லன்று, கௌரவப் பட்டம். எனினும் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்பட்டமே அனத்தோலியக் கிராமத்தவர் அஞ்சும் பெயராக மாறிற்று.

ரஜப், ஷஃபான், ரமழான் ஆகிய மாதங்களில் மாணவர்கள் கிராமங்களுக்குச் சென்று போதனை புரிந்து, மக்கள் மனமுவந்து அளிக்கும் காணிக்கையைப் பெற்றுத் திரும்புவது அன்றைய வழக்கமாக இருந்தது. காலப்போக்கில் மாணவர் கூட்டங்கள் ஆயுதம் தாங்கிக் கிராமங்களில் பலவந்தமாகப் பணம் வசூலிக்கத் தொடங்கின. வழிப்பறியும் மோதல்களும் பெருகின. அரசு படைகளை அனுப்பி அவர்களை அடக்க வேண்டியதாயிற்று. வரலாற்றாசிரியர்கள் இவற்றை ‘ஸுஹ்தே கிளர்ச்சிகள்’ எனக் குறிப்பிடுகின்றனர்.

அறிவைத் தேடி வந்த இளைஞர்கள் இந்நிலையை அடைந்தது ஏன்? அவர்களது ஈமான் பலவீனமுற்றது எனக் கூறிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் வரலாறு காட்டும் காரணம் வேறு. மக்கள் தொகை பெருகி, நாட்டுப்புறத்து இளைஞர்கள் பெருந்தொகையாக மத்ரஸாக்களில் சேர்ந்தனர். காழி, முதர்ரிஸ் போன்ற பதவிகளோ அந்த விகிதத்தில் பெருகவில்லை. இருந்த உயர் பதவிகளுக்கும் பெரிய உலமாக் குடும்பங்களின் புதல்வர்கள் முன்னுரிமை பெற்றனர். ஆண்டுக் கணக்கில் படித்து, ஆண்டுக் கணக்கில் காத்திருந்தும் கதவு திறவாது என உணர்ந்த மாணவனுக்குப் படிப்பின் பயன் மீதே நம்பிக்கை அற்றுப்போனது. 2002இல் ஆய்வாளர்கள் பட்டியலிட்ட இரண்டாவது அடையாளம் இதுவே அன்றோ! கிராமத்தவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையை இக்காரணங்கள் நியாயப்படுத்திவிட மாட்டா. எனினும் எரிந்தவனை மட்டும் தண்டித்து, எரித்த நெருப்பைக் கவனியாது விட்டால் தீ அணையாது என்பதையே அந்நூற்றாண்டு நமக்குக் கற்பிக்கிறது.

இதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் முன்னதாகவே, 1377இல் தமது ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன், மாணவரின் தவறான நடத்தைக்கும் கற்பிக்கும் முறைக்கும் இடையிலான தொடர்பைத் தெளிவுபடுத்தியிருந்தார். தொடக்க நிலையிலேயே கடினமான பிரச்சினைகளை மாணவர் மீது சுமத்தினால் அவரது சிந்தை களைத்துவிடும். அக்கலையே தமக்கு எட்டாதது என எண்ணி அவர் அதனைக் கைவிடுவார் என்பது அவரது முதல் அவதானம். கடுமையுடன் வளர்க்கப்படும் மாணவரிடம் உற்சாகம் குன்றிச் சோம்பல் குடிகொள்ளும். தண்டனைக்கு அஞ்சிப் பொய்யும் வஞ்சகமும் பயில்வார். நாளடைவில் அவையே அவரது இயல்பாகிவிடும் என்பது இரண்டாவது. மாணவரது பிறழ்வு அவரது பிறவிக் குணமன்று, அவரும் அறியாமல் கற்பிக்கப்பட்ட பாடம் என்பதே இதன் சாரம்.

இனி, தாங்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது எனும் வினாவை நோக்குவோம். ஹிஜ்ரி 733இல் (1333) மறைந்த காழி பத்ருத்தீன் இப்னு ஜமாஆ, ஆசிரியர்–மாணவர் ஒழுக்கங்கள் குறித்து எழுதிய நூலில் இதற்கான நடைமுறை விடை உள்ளது. நாளின் மூன்றிலொரு பங்கான எட்டு மணி நேரத்திற்கு மேற்படாமல் உறங்கலாம், களைப்புற்றால் இனிய இடங்களுக்குச் சென்று மனத்திற்கும் கண்ணுக்கும் ஓய்வளிப்பதில் குற்றமில்லை என அவர் மாணவருக்குக் கூறுகிறார். ஆசிரியருக்கு அவர் கூறுவது இதைவிட முக்கியமானது. சக்திக்கு மீறி உழைக்கும் மாணவரைக் கண்டால் மென்மையுடன் தடுக்க வேண்டும். வழக்கமாக வருபவர் வழமைக்கு மாறாக வராதிருந்தால் அவரைப் பற்றி விசாரிக்க வேண்டும், ஆளனுப்ப வேண்டும், தாமே அவரது இல்லம் செல்வது அதனினும் சிறந்தது. வராத மாணவரின் பெயருக்கு நேரே குறியிடுவதுடன் கடமை முடிந்ததாகக் கருதும் இன்றைய நிறுவனங்கள் இதனைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

நம் மரபு ஒரே குரலில் பேசியது என நாம் கூறவில்லை. இரவெல்லாம் விழித்துக் கற்ற அறிஞர்களைப் போற்றும் செய்திகளும் அதில் நிறைந்துள்ளன. மாணவர்க்கு வழிகாட்டியாக எழுதிய ஸர்னூஜியும் இரவு விழிப்பைப் புகழ்கிறார். ஆனால் அவரே, உடல் நலிந்து பணியே நின்றுவிடும் அளவிற்கு வருத்திக்கொள்ளலாகாது எனவும், ஒரு கலையில் சலிப்புற்றால் வேறொன்றிற்கு மாறுக எனவும் எச்சரிக்கிறார். நாம் நம் பிள்ளைகளுக்கு விழித்த இரவுகளை மட்டும் எடுத்துக்கூறி, இந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறோம்.

மாணவரின்றி ஆசானே எரிந்துபோன நிகழ்வும் உண்டு. பக்தாதின் நிழாமிய்யாவில் முந்நூறு மாணவர்களுக்குக் கற்பித்துவந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 488 ரஜபில் (1095 ஜூலை) தொடங்கிய நெருக்கடியின் உச்சத்தில் நாவெழாது, உணவு செல்லாது முடங்கிப்போனார்கள். நோய் உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கியது என மருத்துவர்கள் கைவிரித்தனர். அவர்கள் பதவியைத் துறந்து டமஸ்கஸ், ஜெரூசலம், மக்கா என நெடும் பயணம் மேற்கொண்டார்கள். நிழாமிய்யாவில் அவர்களுக்குப் பதிலாகச் சகோதரர் அஹ்மத் கற்பித்தார். ஏறத்தாழ பதினொரு ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 499இல் நீஷாபூரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கியபோது, தாம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, தம் நோக்கம் மாறிவிட்டது என அவர்களே எழுதினார்கள். விலகிச் செல்ல இடமும், பொறுப்பை ஏற்க ஒரு சகோதரரும், திரும்பி வர ஒரு வாயிலும் அவர்களுக்கு இருந்தன. பரீட்சையில் தவறிய ஒரு மாணவிக்கோ, வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒரு மாணவனுக்கோ இம்மூன்றில் எதை நாம் வழங்குகிறோம்?

பொறுமையை மாணவரிடம் வேண்டுவது நம் உரிமையாக இருக்கலாம். ஆனால் சலிப்பை முன்னுணர்ந்து தடுப்பது நம் கடமை. நாள்தோறும் கேட்க விரும்பியவருக்கும் வியாழக்கிழமை மட்டுமே போதித்த இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் அக்கடமையையே நிறைவேற்றினார்கள்.