ஹலீம்: பெயரும் பின்னணியும் வீட்டுச் செய்முறையும்

ரமளான் நெருங்கினால் நம்மிடம் வரும் கேள்விகளில் ஹலீம் பற்றியவை சில கட்டாயம் இருக்கும். அல்லாஹ்வின் திருநாமத்தை ஓர் உணவுக்கு வைக்கலாமா? ஹரீஸா சாப்பிடுவது சுன்னத் என்று கைப்பேசியில் வரும் செய்தி உண்மையா? அடுத்த கேள்வி பெரும்பாலும் சகோதரிகளுடையது: விடிய விடியக் கிண்டாமல் இதை வீட்டில் செய்ய முடியாதா?

ஹலீமின் தாய் ஹரீஸ் என்னும் அரபு உணவு. ‘ஹரஸ’ என்றால் இடித்தான், நசுக்கினான் என்று பொருள். கோதுமையையும் இறைச்சியையும் குழைய வேகவைத்து, ஒன்றோடொன்று கலக்கும்வரை இடிப்பதால் இந்தப் பெயர். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலிலேயே இதன் செய்முறை இருக்கிறது. வளைகுடா நாடுகளில் இன்றும் கோதுமை, இறைச்சி, உப்பு, நெய் அளவிலேயே எளிமையாகச் செய்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், சவூதி அரேபியா ஆகிய மூன்று நாடுகளின் ஹரீஸ் சமையல் மரபை 2023ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஹைதராபாத்துக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் யமனின் ஹள்ரமவ்த் பகுதி அரபுகள். நிஜாமின் படையில் பணியாற்றிய அவர்கள் குடியிருந்த ‘பர்காஸ்’ பகுதி இன்றும் அதே பெயரில் இருக்கிறது. அங்கே பருப்பும் மசாலாவும் சேர்ந்து அது ஹலீமாக மாறியது. 2010ல் ஹைதராபாத் ஹலீமுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நமது பள்ளிவாசல்களின் கறிக்கஞ்சியை இதன் உறவுக்காரர் என்று சொல்லலாம். அங்கே கோதுமை, இங்கே அரிசி.

இனி பெயர் விஷயம். அல்ஹலீம் (சகிப்புத்தன்மை மிக்கவன்) அல்லாஹ்வின் திருநாமங்களில் ஒன்று. அதனால், ‘ஹலீம் தீய்ந்துவிட்டது’ என்று சொல்வது மரியாதைக் குறைவு, ‘தலீம்’ என்றே சொல்ல வேண்டும் என்று வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் சிலர் வலியுறுத்துகிறார்கள். ஆனால் ஹலீம் என்ற சொல் அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியதல்ல. குர்ஆனில் இப்ராஹீம் (அலை) அவர்கள் ஹலீம் எனப்படுகிறார்கள் (9:114, 11:75). அவர்களுக்கு நற்செய்தி கூறப்பட்ட மகனும் அவ்வாறே வர்ணிக்கப்படுகிறார் (37:101). அர்ரஹ்மான் போன்ற தனித்த நாமங்களின் நிலை வேறு. உணவைக் குறிக்கும்போது யாருடைய மனதிலும் இறைநாமம் இருப்பதில்லை. பேணுதலுக்காக ஒருவர் வேறு பெயர் சொன்னால் சொல்லட்டும். சொல்லாதவரைப் பாவி என்பதுதான் தவறு என்பது நமது கருத்து.

‘ஜிப்ரீல் (அலை) நபி (ஸல்) அவர்களுக்கு ஹரீஸாவைக் கொண்டுவந்தார்கள், அது உடலுக்கு இத்தனை பேருடைய வலிமை தரும்’ என்ற செய்தி இட்டுக்கட்டப்பட்டது. இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் இதைப் புனைந்துரைக்கப்பட்டவற்றின் தொகுப்பில் சேர்த்துள்ளார்கள். இதை அறிவித்தவர்களில் ஒருவர் ஹரீஸா வியாபாரி என்று அறிவிப்பாளர் விமர்சகர்கள் குறிப்பிடுகிறார்கள். விளம்பரம் எவ்வளவு பழைய தொழில் பாருங்கள்! இதைப் பிறருக்கு அனுப்புவது நபி (ஸல்) அவர்கள் மீது பொய் சொல்வதில் சேரும். அனுப்பியிருந்தால், அனுப்பியவர்களுக்கே திருத்தமும் அனுப்பிவிடுங்கள்.

ஆதாரமான செய்தி வேண்டுமென்றால் ஸஹீஹுல் புகாரியிலேயே இருக்கிறது. பார்வை குன்றிய இத்பான் பின் மாலிக் (ரலி), தம் வீட்டில் வந்து தொழுமாறு நபி (ஸல்) அவர்களை அழைத்தார்கள். நபியவர்கள் வந்து இரண்டு ரக்அத் தொழுதபின், ‘கஸீரா’ உண்பதற்காக அவர்களை அந்த வீட்டார் இருக்க வைத்தார்கள். சிறு துண்டுகளாக்கிய இறைச்சியை வேகவைத்து, மாவு தூவிச் சமைப்பதே கஸீரா. கறியும் தானியமும் சேர்ந்த கஞ்சி நபியவர்களின் காலத்து விருந்தில் இருந்தது என்பதற்கு இதுவே போதும்.

செய்முறைக்கு வருவோம். ஆறேழு பேருக்கு: எலும்பு கொஞ்சமாக உள்ள தொடைக்கறி அரை கிலோ, உடைத்த கோதுமை 200 கிராம், கடலைப் பருப்பு, உளுந்து, மைசூர் பருப்பு தலா இரண்டு மேசைக்கரண்டி, பெரிய வெங்காயம் மூன்று, இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, தயிர் அரை கப், பச்சை மிளகாய் ஐந்து, நெய் 100 கிராம். பட்டை, ஏலம், கிராம்பு, மிளகு கொஞ்சம். வால்மிளகு கிடைத்தால் நாலைந்து போடுங்கள், கடை ஹலீமின் மணம் அதில்தான் பாதி இருக்கிறது.

கோதுமையையும் பருப்புகளையும் இரவே ஊறப்போட்டுவிடுங்கள். ஊறாத கோதுமை எத்தனை விசில் விட்டாலும் நடுவில் விறைத்தே நிற்கும். வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கி, நெய்யில் பாதியை ஊற்றிப் பொன்னிறமாகப் பொரித்துப் பாதியை எடுத்து வையுங்கள். மீதியோடு இஞ்சி பூண்டு, மசாலா, பச்சை மிளகாய், கறி, தயிர் சேர்த்து வதக்கி, மூன்று கப் தண்ணீர் ஊற்றி, குக்கரில் விசில் வந்தபின் சிறு தீயில் அரை மணி நேரம் வையுங்கள். கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வர வேண்டும். வேறொரு குக்கரில் கோதுமைக் கலவையை ஐந்தாறு பங்கு தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவிடுங்கள்.

அடுத்தது எலும்பு பொறுக்குவது. வீட்டில் சிறு பிள்ளைகளும் முதியவர்களும் சாப்பிடுவார்கள் என்பதால் இதில் அவசரம் கூடாது. தட்டில் கொட்டி, ஆறியபின் விரலால் தடவிப் பாருங்கள், சில்லு எலும்பு கண்ணுக்குத் தெரியாது. பிறகு கறியை மத்தால் மசித்து, கோதுமையோடு கலந்து, அடிகனமான பாத்திரத்தில் சிறு தீயில் முக்கால் மணி நேரம் கிண்டி மசியுங்கள். இடையிடையே நெய் விடுங்கள். மிக்ஸியில் அரைத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் கறியின் நார் செத்து பசை மாதிரி ஆகிவிடும். கெட்டியானால் வெந்நீர் அல்லது கறிச்சாறு மட்டும் சேர்க்க வேண்டும். சுண்டும்போது உப்பு ஏறும் என்பதால் கடைசியில்தான் உப்பு சரிபார்க்க வேண்டும். நோன்பாளிக்குத் தேவை இருந்தால் நாக்கு நுனியில் சுவைத்துத் துப்பிவிட அனுமதி உண்டு, விழுங்காமல் இருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். கறியை முதல் நாள் இரவே வேகவைத்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், மறுநாள் அஸருக்குப் பின் ஒரு மணி நேர வேலைதான். கடைசிப் பத்து நாட்களில் வீட்டுப் பெண்களை அடுப்படியில் நிறுத்திவிட்டு ஆண்கள் மட்டும் இஃதிகாஃப், கியாமுல்லைல் என்று பள்ளிக்குப் போவது எந்த வகை நியாயம்? மத்தை அத்தா கொஞ்சம் பிடிக்கலாம், மகனும் பிடிக்கலாம்.

குழம்பு வைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாரைக் கவனியுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தண்ணீர் கூட்டினால் கெடாத உணவு ஹலீம். மேலே பொரித்த வெங்காயம், புதினா, எலுமிச்சைத் துண்டு வைத்து முதலில் பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை அனுப்பிவிட்டுப் பரிமாறுங்கள். மிச்சம் இருந்தால் அன்றே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஸஹருக்குச் சூடாக்கும்போது அரை கப் வெந்நீர் விட்டுக் கிளறினால் மறுபடி இளகிவிடும்.