வரைநிலையின் வரலாறு: ஆரணித் தறி முதல் வல்கன் வரை

சமணக் கோயில்களால் பெயர்பெற்ற திருமலைக்குப் பக்கத்தில்தான் பட்டுக்குப் பேர்போன ஆரணி இருக்கிறது. அங்குள்ள தறிகளின் தலைமேல் ஜக்கார்டு பெட்டியிலிருந்து துளையிட்ட அட்டைகள் கோத்த மாலையாகத் தொங்கும். ஓர் அட்டை, ஓர் ஊடைக்கான கட்டளை. துளை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும். அதோடு இணைந்த கொக்கி எழும்பிப் பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையென்றால் ஊசி பின்னே தள்ளப்படும், இழை கீழேயே கிடக்கும். பிரான்சின் லியோன் நகரத்தில் 1804இல் ஜோசப் மரீ ஜக்கார்டு உருவாக்கிய இந்த ஏற்பாட்டில், முந்தைய அட்டை சொன்ன எதையும் அடுத்த அட்டை நம்பியிருப்பதில்லை. ஒவ்வொன்றும் எல்லாக் கொக்கிகளின் நிலையையும் முழுதாகச் சொல்லிவிடும். நாடாவில் எந்த நிற நூல் என்பது மட்டும் அட்டையில் கிடையாது. அது நெசவாளியின் கையில்.

எதை அட்டையில் எழுதுவது, எதைக் கையில் விடுவது? கணினி வரைகலையில் இதே கேள்விதான் 'வரைநிலை' என்ற பெயரில் வருகிறது. எந்த நிறம், எவ்வளவு தடிமன், எந்த இடம், எந்தத் திசை என அடுத்த கோட்டைப் போடுமுன் தெரிந்திருக்க வேண்டிய அமைப்புகளின் தொகுப்பு அது. அதை எங்கே வைப்பது?

இதன் ஆரம்ப அத்தியாயம் ஒன்று தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோலங்களை விதிகளால் உருவாக்கும் இலக்கணம் வகுத்து, கணினி வரைகலைக்கான சர்வதேச இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியோடு பிணைந்த ஆய்வு அது. 1980களில், கனடாவில் பணியாற்றிய புருசின்கிவிச் இத்தகைய இலக்கணங்களை லோகோ நிரல்மொழியில் கட்டளைப்படி நகர்ந்து கோடு போடும் ஆமையோடு இணைத்தார். ஆமை நினைவில் வைப்பது முக்கியமாக இரண்டு: நிற்கும் இடம், பார்க்கும் திசை. புள்ளிகளைச் சுற்றிவந்து ஒரே கோட்டில் முடியும் கோலத்துக்கு இது போதும். கிளைவிடும் செடிக்குப் போதாது. கிளை பிரியும் இடத்தில் அப்போதைய நிலையை ஓர் அடுக்கில் போட்டுவைத்து, கிளை முடிந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். இலக்கணத்தில் ஒரு சதுர அடைப்புக்குறி திறந்து மூடினால் அந்த வேலை முடிந்தது. அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் 1984லேயே பக்க வடிவமைப்புக்கு இதே அடுக்கைக் கையாண்டிருந்தது.

சிலிக்கான் கிராஃபிக்ஸ் 1992இல் வெளியிட்ட ஓபன்ஜிஎல் என்ற வரைகலை இடைமுகம் இந்த நினைவை எல்லை மீறி வளரவிட்டது. ஒருமுறை சொன்ன அமைப்பு, மாற்றிச் சொல்லும்வரை நீடிக்கும். கண்ணாடி ஜன்னலை வரைய ஒருவர் நிறக்கலப்பை இயக்கிவிட்டு அணைக்க மறந்தால், அடுத்து வேறொருவர் எழுதிய நிரல் வரையும் சுவரும் ஊடுருவித் தெரியும். பிழை இருப்பது ஜன்னலின் நிரலில். கெட்டுத் தெரிவது சுவர். இதைத் தடுக்க அமைப்புகளைச் சேமித்து மீட்கும் அடுக்கு இருந்தது. ஆனால் எல்லாக் கருவியிலும் கிடைக்கும் என்று உறுதி சொன்ன ஆழம் 16 படிகள்தான். 2008இல் வந்த 3.0 பதிப்பு அதையும் வழக்கொழிய வேண்டியவற்றில் சேர்த்தது.

அதற்குள் காற்று திசைமாறியிருந்தது. மைக்ரோசாஃப்டின் டைரக்ட்3டி 10, உருவாக்கிய பின் மாற்ற முடியாத நிலைப்பொதிகளைக் கொண்டுவந்தது. 2016 பிப்ரவரியில் வந்த வல்கன் என்ற இடைமுகம் மேலும் போய், வரைநிலையின் பெரும்பகுதியை முன்கூட்டியே தொகுத்த ஒரே பொதியாக்கியது. முழு நிலையையும் ஒரே இடத்தில் சொல்லிவிடும் ஜக்கார்டு அட்டையின் வழிதான் இது. வரையும் நேரத்தில் வரைகலைக் கருவியின் டிரைவர் மென்பொருள் நின்று யோசிக்க வேண்டியதில்லை என்பது பெரிய லாபம்.

விலையும் இருந்தது. நிறக்கலப்பு, ஆழச் சோதனை, முக்கோணத்தின் எந்தப் பக்கத்தை விடுவது என ஒவ்வொன்றும் மாற மாறப் பொதிகள் பெருகின. பெரிய விளையாட்டுகளில் ஆயிரக்கணக்கில் அவற்றைத் தொகுக்க வேண்டியிருந்தது. எனவே 2020இல் ஒரு நீட்சி வந்து, சில அமைப்புகளைப் பொதியிலிருந்து எடுத்து வரையும் நேரத்துக்கே விட்டது. 2022 ஜனவரியில் வெளியான வல்கன் 1.3இல் அது மையத்திலேயே இடம்பிடித்தது. ஓயாமல் மாறுவதைக் கைக்கும், மாறாததை அட்டைக்கும் கொடுத்த தறியின் பங்கீடே சரியானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நம் பொறியியல் கல்லூரிகள் கணினி வரைகலைப் பாடத்தை ஓபன்ஜிஎல் கட்டளைகளிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயமில்லை. 1974ஆம் ஆண்டின் அந்தக் கோலக் கட்டுரையை முதல் வாரத்திலேயே மாணவர்கள் கையில் கொடுக்கலாம். ஒரு நாள் ஆரணித் தறிக்கூடத்துக்கும் அழைத்துப் போகலாம்.