பகலில் எருவண்டி: ஹெராக்ளியப் பட்டயத்தின் ஒரு பிரிவு பற்றி

பழைய ரோமில் பகலில் பாரவண்டி ஓடக் கூடாதென்று சீசர் தடை போட்டார். கிளாடியஸ் அதை இத்தாலிய ஊர்களுக்கு விரித்தார். ஹாட்ரியன் வண்டிச் சுமைக்கு வரம்பு கட்டினார். மார்க்கஸ் அவுரேலியஸ் பேரரசின் எல்லா நகரங்களுக்கும் ஆக்கினார். நெரிசலின் வரலாறு பேசுவோர் கை நீட்டிக் காட்டும் வரிசை இது. ழெரோம் கார்க்கோப்பினோ ரோமின் அன்றாட வாழ்க்கை பற்றி 1939இல் வெளியிட்ட நூலில் இதைக் கோவையாக அமைத்துத் தந்தார். நடை அழகான நூல். அதனாலேயே அதை யாரும் மூலத்தோடு ஒட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு இடங்களில் அவரோடு நான் மாறுபடுகிறேன்: தடைக்கு இருந்த விலக்குகளை அவர் எண்ணிய விதம் ஒன்று, நான்கு ஆட்சியாளர்களையும் ஒரே கயிற்றில் கோத்த விதம் மற்றொன்று.

தடைக்கு நான்கே விலக்குகள் என்பது அவர் கணக்கு. வழிபாட்டு நாளில் வெஸ்டா கன்னியரும் பூசாரிகளும் ஏறிவரும் வண்டி, வெற்றி ஊர்வலம், பொது விளையாட்டு ஆகிய மூன்றும் குறிப்பிட்ட நாட்களுக்கு உரியவை. நான்காவது எல்லா நாளும் செல்லும்: பழைய கட்டடத்தை இடித்து, மேலும் சுகாதாரமாகக் கட்டித்தரும் ஒப்பந்தக்காரரின் வண்டி. இவை போக, பகல் ரோமில் கால்நடையாகப் போவோரும் குதிரையேறிகளும் பல்லக்குகளும் மட்டுமே என்கிறார்.

இந்தத் தடைக்கு மூலமான ஹெராக்ளியப் பட்டயம் இப்படிச் சொல்லவில்லை. 1732இல் தென்னித்தாலியில் ஹெராக்ளியா அருகே கிடைத்து, இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கலத் தகடு அது. ஒரு பக்கம் கோயில் நிலங்கள் பற்றிய பழைய கிரேக்க வாசகம், மறுபக்கம் இலத்தீன். வண்டிப் பிரிவு 56ஆம் வரியில் தொடங்குகிறது. கோயில் கட்டவும் பொதுப்பணிக்கும் தேவையான பொருளைக் கொண்டுவரும் வண்டி, அரசு ஒப்பந்தத்தில் இடித்தவற்றை வெளியேற்றும் வண்டி இரண்டுக்கும் அனுமதி உண்டு. சுகாதாரம் என்ற பேச்சே அதில் இல்லை. அது 20ஆம் நூற்றாண்டு ஐரோப்பியரின் கவலை. யுவெனாலின் மூன்றாம் அங்கதத்தில் பளிங்குப் பாறை ஏற்றிய வண்டியின் அச்சு முறிந்து கூட்டத்தின் மேல் சரிகிறதே, அந்த வண்டிகூட இந்த அனுமதியில் வந்த பொதுப்பணி வண்டியாக இருந்திருக்கலாம்.

எனக்கு முக்கியமானவை 66, 67ஆம் வரிகள். இரவில் நகருக்குள் வந்த வண்டி, காலியாக இருந்தாலோ எரு ஏற்றி வெளியே போவதானாலோ, பகலிலும் மாடோ மற்ற இழுவிலங்கோ பூட்டி நிற்கலாம், போகலாம் என்கிறது அப்பிரிவு. எரு என்று நான் தரும் சொல் சாணம், கழிவு இரண்டையும் குறிக்கும். கார்க்கோப்பினோவின் நான்கில் இது இல்லை. சின்ன விடுபடல்தானே என்று தள்ளிவிட முடியாது. இரவில் சரக்கு இறக்கி முடிப்பதற்குள் விடிந்துவிட்டால் வண்டிக்காரன் என்ன செய்வான்? வந்த வண்டி வெறுமனே திரும்பாமல் ஊர்க் கழிவை அள்ளிப் போனால் யாருக்கு நட்டம்? தெருவை அகலப்படுத்த ஒரு காசும் எடுத்துவைக்காத இந்தச் சட்டம், நேரத்தை மட்டும் பங்கு போட்டது. அந்தப் பங்கீடு நடைமுறையில் நிற்க வேண்டுமானால் காலி வண்டிக்கு ஒரு சந்து விட்டாக வேண்டும். நம் நகர எல்லைகளில் கனரக வாகனத்துக்குப் பகல் தடை என்று பலகை நட்டவர்களுக்கு இது விளங்கும்.

இந்த வரிகளில் இன்னொன்றும் இருக்கிறது. 56ஆம் வரியின் தடை, சூரிய உதயம் முதல் பத்தாம் மணிக்கு முன் வரை. எருவண்டி வரியோ பகலின் பத்து மணிகள் என்கிறது. முன்னதை நேராகக் கணக்கிட்டால் ஒன்பது மணி, பின்னதில் பத்து. பகலைப் பன்னிரண்டாகப் பகுத்த ரோமானிய மணி கோடையில் ஏறக்குறைய 75 நிமிடம், குளிர்காலத்தில் 45. ஆகவே மாலையில் காத்திருக்கும் வண்டிக்கு இது அற்ப வேறுபாடல்ல. எல்லையும் மாறுகிறது: தடை செல்லுபடியாவது வீடுகள் தொடர்ந்து அமைந்த பகுதிக்குள், விலக்கு செல்லுபடியாவது நகரிலும் நகரிலிருந்து ஆயிரம் தப்படி வரையிலும். நேரமும் இடமும் சேர்ந்து மாறுவதை எழுத்தாளனின் கைப்பிழை என்று கொள்ள மனம் வரவில்லை. வேறொரு விதியிலிருந்து எடுத்து ஒட்டிய வாசகம் என்றே கருதுகிறேன். பத்தாம் மணி என்றால் அது முடியும் வரை என்று பொருள்கொண்டால் முதல் வேறுபாடு கரைந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எல்லை வேறுபாடு அப்போதும் நிற்கும்.

வரிசைக்கு வருவோம். பட்டயம் தடுப்பது சரக்கு வண்டியை, மணிக் கணக்கில். சுவெத்தோனியுஸ் தரும் கிளாடியஸின் ஆணை பயணியைப் பற்றியது: இத்தாலிய ஊர்களை நடந்தோ, நாற்காலியிலோ, பல்லக்கிலோ கடக்க வேண்டும். மணிக் கணக்கு அங்கே கிடையாது, சரக்கும் கிடையாது. ஹாட்ரியன் தடுத்தது பெருஞ்சுமை வண்டியை. மார்க்கஸ் தடுத்தது நகருக்குள் குதிரைமேலும் வண்டியிலும் அமர்ந்து போவதை. இவ்விரண்டுக்கும் சான்று 'ஹிஸ்டோரியா அகுஸ்தா', நம்பகம் குறைந்த நூல். அதே நூல் குதிரையேறும் தடையை ஹாட்ரியன் பேரிலும் சொல்கிறது. யார் எதைப் போட்டார் என்றே தெளிவில்லாத இடத்தில் ஒருவர் சட்டத்தை மற்றவர் விரித்தார் என்பது எப்படி? அந்தந்த ஊர்த் தொல்லைக்கு அவ்வப்போது கண்ட மலிவான மருந்துகள் இவை. ஒன்றின் பிள்ளை மற்றொன்று என்று கொள்ளச் சான்றில்லை.

வண்டிப் பிரிவு பட்டயத்தில் எங்கே நிற்கிறது என்பதும் இதற்குத் துணை. முன்னால் தெருப் பராமரிப்பு: வீட்டு வாசலுக்கு எதிரே உள்ள தெருவை வீட்டுக்காரரே பேண வேண்டும், தவறினால் எடில் என்னும் நகர அதிகாரி வேலையைக் குத்தகைக்கு விட்டுச் செலவை அவர் தலையில் கட்டுவார், 30 நாளில் தராவிட்டால் அதில் பாதி கூடுதல் தண்டம். பின்னால் பொது மண்டபங்களை மறித்துக் கட்டக் கூடாது என்ற விதி. நகராட்சி அலுவலகத்து அன்றாடத் தொல்லைகளின் பட்டியல்தான் இது.

இனி ஆண்டு. தொடக்கம் அழிந்துபோன தகட்டில் சீசர் பெயர் இல்லை. பதுவா நகரக் கல்வெட்டில் வரும் 'யூலிய நகராட்சிச் சட்டம்' இதுவே என்று இனங்கண்டவர் சவின்யி. மோம்சன் அதை ஏற்றார். அண்மைக்கால ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. கி.மு. 45இல் சிசரோ எழுதிய ஒரு கடிதம், ஏலம் கூறுவோர் ஊர் அவையில் இடம்பெறும் தகுதி பற்றிய பட்டயத்தின் விதியோடு ஒத்துப்போகிறது. அந்தப் பகுதிக்கு ஆண்டு சொல்ல அது உதவும். வண்டிப் பகுதி அதே நாளில் எழுந்தது என்பதற்கு அது சான்றாகாது, ஒட்டுவேலை என்ற என் கருத்து சரியானால் சிறிதும் ஆகாது. தடை அடுத்த ஜனவரி முதல் நாளுக்குப் பின் நடைமுறைக்கு வரும் என்கிறது 56ஆம் வரியின் பிரிவு. புதுச் சட்டத்தின் குரல் போலத்தான் ஒலிக்கிறது. பழைய சட்டத்தை அப்படியே பெயர்த்து எழுதினாலும் அந்தத் தொடர் அப்படியேதான் இருந்திருக்கும். எந்த ஜனவரி என்று தகடு சொல்லவில்லை.