எட்டி மண்டையும் ஒரு மொழிபெயர்ப்பாளரும்

வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் 'சொல்தா வீடு எது?' என்று கேட்டால் சின்னப் பையன்கூடக் கை நீட்டிக் காட்டிய காலம் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனா வரை போய்வந்தவர்கள். சொல்தாவுக்கு வரும் பென்ஷன் கணக்கு ஊருக்கே அத்துப்படி. அங்கே அவர் எதைப் பார்த்தார், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்? அதை யாரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

பட்டாளத்திலிருந்து வந்து, அடுத்தவர் கதையைக் கேட்டு எழுதுவதையே பிழைப்பாக்கிக்கொண்டவர் நம் நாட்டில் அபூர்வம். அப்படி ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். டெஸ்மண்ட் டாய்க்.

1921-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கூர்க்கா ரெஜிமெண்டில் அதிகாரி. சிப்பாய்களுக்கு ஆர்டர் போடக் கொஞ்சம் நேபாளி தெரிந்தால் போதும். இவரோ வாயாடும் அளவுக்குச் சரளமாகக் கற்றுக்கொண்டார். போர் முடிந்ததும் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் வேலை. எழுதுவார், படமும் வரைவார். நான் பி.காம்.காரன், கணக்காகவே சொல்கிறேனே... பட்டாளத்தில் அவருக்குக் கிடைத்த நிகர லாபம் அந்த பாஷைதான்!

லாபம் 1960-ல் கைக்கு வந்தது. எவரெஸ்ட் புகழ் ஹிலாரி, எட்டி என்கிற பனிமனிதனைத் தேடி இமயமலைக்குக் கிளம்பினார். டாய்க்கும் கூடப் போனார். கும்ஜுங் கிராமத்து மடத்தில் 'எட்டியின் மண்டைத்தோல்' என்று ஒன்றைப் பக்தியோடு வைத்திருந்தார்கள். அதை வெளிநாட்டு விஞ்ஞானிகளிடம் காட்ட வேண்டும் என்றார் ஹிலாரி. ஊர்ப் பெரியவர்களுக்கோ நடுக்கம். அது வெளியே போனால் ஊருக்குக் கேடு வராதா? பேரம் நடந்தது. ஆறு வாரத்துக்குள் திரும்ப வந்தாக வேண்டும், காவலாக ஊர்ப் பெரியவர் குன்ஜோ சும்பியும் கூடவே வருவார் என்று முடிவானது.

சிகாகோ, பாரிஸ், லண்டன். கூடவே மொழிபெயர்ப்பாளராக டாய்க். பரிசோதித்தவர்கள், இது செரோ என்ற மலைவிலங்கின் தோலில் செய்தது என்று சொல்லிவிட்டார்கள். வேறொரு நிருபராக இருந்தால் 'ஏமாந்த மலைவாசி' என்று தலைப்புப் போட்டுக் கலாய்த்திருப்பார். சும்பி அசரவில்லை. எங்கள் ஊரில் ஒட்டகச்சிவிங்கியும் கங்காருவும் கிடையாது, அதனால் அதைப் பற்றி எங்களுக்குத் தெரியாது. உங்கள் ஊரில் எட்டி கிடையாது, பாவம், உங்கள் அறியாமை எனக்குப் புரிகிறது என்ற மாதிரி ஒரு போடு போட்டார்! சபையில் ஒரு கிராமத்தான் தலை நிமிர்ந்து பேச, பக்கத்தில் அவன் பாஷை தெரிந்த ஓர் ஆள் வேண்டியிருக்கிறது, சார்.

மண்டைத்தோல் பத்திரமாக ஊர் திரும்பியது. 1961-ல் ஹிலாரி முயற்சியில் கும்ஜுங்கில் பள்ளிக்கூடம் வந்தது. 1962-ல் ஹிலாரியும் டாய்க்கும் சேர்ந்து எழுதிய பயணப் புத்தகம் வந்தது.

அப்புறம் 1967-ல் இளைஞர்களுக்காக 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' தொடங்கியபோது ஆசிரியர் இவர்தான். பள்ளிக்கூடப் பையனாக சசி தரூர் எழுதியது அதில்தான். பத்து வருஷம் ஓடி, 1977-ல் நின்றது.

இதற்கெல்லாம் நடுவே, பல வருஷங்களாக, கல்கத்தாவில் ஒரு கன்னியாஸ்திரீயைக் கவனித்து எழுதிக்கொண்டேயிருந்தார். உலகம் அன்னை தெரசாவைக் கொண்டாடத் தொடங்குவதற்கு ரொம்ப முன்னால் ஆரம்பித்த பழக்கம். 1976-ல் அது புத்தகமானது. அன்னைக்கு நோபல் பரிசு 1979-ல்தான். புத்தகத் தலைப்பில் தெரசாவின் பெயருக்கு அடுத்து வருவது 'அவருடைய மக்கள்'. 'பணி' அதற்குப் பிறகுதான். காளிகாட்டில் பாயில் கிடந்தவர்களும் அந்தப் புத்தகத்தின் ஆட்கள்தான்.

கடைசிக் காலத்தில் டாய்க் காத்மாண்டுவுக்கே குடிபோய்விட்டார். தெருவில் கேட்பதெல்லாம் பட்டாளத்தில் சிப்பாய்களிடம் கற்ற அதே நேபாளி. 1983-ல் இறந்ததும் அங்கேதான்.