உயிர்ப்பு நெறியும் ஒற்றியூர் மடமும்

சென்னைக்கு வடபால், பழவேற்காட்டு ஏரியை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்தது மீஞ்சூர். ஏகாம்பரநாதர் எழுந்தருளிய அத்தலத்தை வடகாஞ்சி எனவும் அன்பர் வழங்குவர். அதற்கு வடக்கே திருப்பாலைவனம். தெற்கே கடற்கரையில் திருவொற்றியூர். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட நிலம் மீனவர் குப்பங்கள் நிறைந்தது. தோணி வலிப்போர் பாட்டின் நீட்சியிலே மூச்சை நெடிது விட்டு இளைப்பாறுதல் பழைய வழக்கம். மூச்சு நெடிதாயின் உள்ளம் அமையுமென்பதை நூல் கல்லாதாரும் அறிவர். அவ்வறிவை இறைநெறியோடு பிணைத்து வளர்த்தது சைவ மரபு.

அம்மரபினைப் போற்றிய மடங்களுள் ஒன்று ஒற்றியூரில் விளங்கியது. கி. பி. 949இல் தக்கோலப் போரிலே சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேலிருந்து மாண்டான். அவனுக்கு உற்ற தோழனாயிருந்தவர் கேரள நாட்டிற் பிறந்த வல்லபர். தலைவனோடு உடன் மாயும் பேறு தமக்கு வாய்க்காமையால் உலகை வெறுத்தார், கங்கையாடினார், ஒற்றியூரில் நிரஞ்சன குருவினிடம் விரதம் ஏற்றுச் சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் மடத்தின் தலைவரானார். இராட்டிரகூடன் கன்னரதேவன் காலத்து ஒற்றியூர்க் கல்வெட்டு இவ்வரலாற்றைக் கூறும். இராசாதித்தனை வீழ்த்திய படைக்கு உடையவனும் அக்கன்னரதேவனே! போர்க்களத்துத் துயரால் நொந்த உள்ளம் அமைதி தேடிச் சென்றடைந்த இடம் சைவமடம் என்பது கருதத்தக்கது.

சைவத் துறவியர் பயின்ற நெறியை ஆகமங்களின் யோகபாதமும், பத்தாந் திருமுறையாகிய திருமந்திரமும் விளக்கும். திருமூலர் மூன்றாந் தந்திரத்தில் எட்டுறுப்பு யோகத்தை வகுக்குமிடத்து, பூரகத்துக்கு 16 மாத்திரையும், கும்பகத்துக்கு 64 மாத்திரையும், இரேசகத்துக்கு 32 மாத்திரையும் அளவு கூறினார். ஒரு மாத்திரையை ஒரு நொடியாகக் கொள்ளினும் ஒரு மூச்சு 112 நொடியாகும். ஓய்ந்திருக்கும் மக்கள் ஒரு நிமிடத்தில் 12 முதல் 20 முறை மூச்சுவிடுவர். ஆகலின் திருமூலர் கூறிய அளவு முதிர்ந்த யோகியர்க்கு உரியதேயன்றித் தொடங்குவோர்க்கு உரியதன்று. இயமமும் நியமமும் ஆதனமும் முன்னர் வைத்து, வளிநிலையை அவற்றின் பின்னரே அவர் வைத்தமையும் இதனை வலியுறுத்தும். இன்று சிலர் முதற்படியை விட்டு நான்காம் படியில் தாவி ஏறுகின்றனர். வழுக்கி விழின் யோகத்தின்மேற் குற்றமில்லை.

அன்பு நெறிக்கு மூச்சுப் பயிற்சி வேண்டாததென்று கூறும் சைவரும் உளர். அது பொருந்தாது. அப்பரடிகள் திருவாரூர்த் திருத்தாண்டகம் ஒன்றில், உயிர்ப்பு இயங்காது அடங்கியிருந்து உற்று நோக்கி, உள்ளமாகிய துணியிலே இறைவனுருவை எழுதுவாரது நிலையைப் பேசினார். அங்கே மூச்சடக்கம் அன்பிற்குப் பகையாக நிற்கவில்லை. அன்பு முதிர்ந்தவிடத்துத் தானே நிகழ்கின்றது. சிவஞான சித்தியார் யோகத்தைச் சகமார்க்கம், அஃதாவது தோழமை நெறி எனக் கூறிற்று. அந்நெறிக்கு எடுத்துக்காட்டாகச் சான்றோர் காட்டும் சுந்தரர், சங்கிலியாரை மணந்ததும் இவ்வொற்றியூரிலேதான்.

மடத்துக்கு வெளியே இல்லறத்தார்க்கும் இந்நெறி ஒருவாறு கிடைத்தது. தீக்கை பெற்றோர் நாள்தோறும் செய்யும் அனுட்டானத்திலும் சிவபூசையிலும் பிராணாயாமம் ஓர் உறுப்பு. தீக்கை பெறாதார்க்கோ திருமுறை இருந்தது. பண்ணோடு தேவாரம் பாடுவார், மூச்சை விரைந்து வாங்கி, அடி முடியுமளவும் சிறிது சிறிதாக விடுகின்றனர். பயிற்சியென்னும் பெயரின்றியே அது பயிற்சியாயிற்று. ஓதுவாரது நெடுமூச்சிற்கு ஆசிரியர் பண்ணே.

இதன் உடற்பயனை இக்கால மருத்துவரும் ஆராய்ந்துளர். 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த இத்தாலியர் ஆய்வொன்று 23 பேரைக்கொண்டு நிகழ்ந்தது. கிறித்தவர் செபமாலை வேண்டுதலை ஓதியபோதும், பௌத்த மந்திரத்தை ஓதியபோதும், அவர்தம் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது; குருதியழுத்தத்தைச் சீர்செய்யும் இயல்பும் வலிவுற்றது. ஐந்தெழுத்து அவ்வாய்வில் இடம்பெறவில்லை. எனினும் செபத்தின் ஒழுங்கே மூச்சின் ஒழுங்காதல் இதனால் விளங்கும். மூச்சு வெளிச்செல்லும்போது இதயத்துடிப்புச் சிறிது தளர்தல் உடலின் இயற்கை. ஆதலின் வாங்குதலினும் விடுதல் இருமடங்கு நீளவேண்டுமென்று திருமூலர் வகுத்த அளவு கூர்ந்து நோக்கற்பாலது.

மனவமைதியின் பொருட்டு மட்டும் மூச்சைப் பயில்வோரைச் சைவர் இகழவேண்டுவதில்லை. உடம்பை முன்னர் இழுக்கென்று எண்ணியிருந்து, அதனுள் இறைவன் கோயில்கொண்டமை கண்டு பின்னர்ப் பேணியதாகத் திருமூலரே உரைத்தார். ஆயினும் அவர்க்கு உடம்பு பேணுதல் வாயில். சிவத்தை அடைதலே வீடு. வாயிலிலே நின்று மகிழ்வாரும் வாயில்வரை வந்தவரே.

தொடங்குவோர்க்குக் கும்பகம் வேண்டா. இதயநோயரும் கருவுற்றாரும் மூச்சை அடக்குதல் தீங்கு பயக்கும். முதுகை நேரே நிறுத்தி, வயிறு மெல்ல எழுமாறு 4 நொடி வாங்கி, ஐந்தெழுத்தை உள்ளே நினைந்து 8 நொடி விடின், நிமிடத்துக்கு 5 மூச்சாகும். காலை அனுட்டானத்துக்கு முன்னோ, மாலை விளக்கேற்றிய பின்னோ, சில நிமிடம் இவ்வாறிருத்தல் போதும். தலை சுற்றுமாயின் உடனே நிறுத்தி இயல்பான மூச்சிற்குத் திரும்புக.