பூஜ்யம் வாங்கினால் தேர்ச்சி



1990களின் நடுவில் வலுவான மறையாக்க மென்பொருளை அமெரிக்கச் சட்டம் போர்த் தளவாடங்களோடு சேர்த்து வைத்திருந்தது. அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நெட்ஸ்கேப் நிறுவனம் இணையத் தொடர்பைக் காக்க எஸ்எஸ்எல் முறையைக் கொண்டுவந்தது. தன் நாட்டாருக்கு 128 பிட் சாவி. வெளிநாட்டாருக்கு வெறும் 40 பிட். நமக்கெல்லாம் ஓட்டைப் பூட்டு போதும் என்று நினைத்தார்கள் போலும்!

ஆனால் அந்த முறையின் விவரம் வெளியாகியிருந்தது. அதைப் படித்து, ஆஸ்திரேலியாவிலிருந்த எரிக் யங் தாமே நிரல் எழுதினார். டிம் ஹட்சன் துணை நின்றார். எஸ்எஸ்எல்-இஏஒய் என்று பெயரிட்டு உலகுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். 1998 டிசம்பரில் வேறு சிலர் அதை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

அதற்குள் 'எஸ்-கிளையன்ட்' என்றொரு சிறு கருவி, ஆரம்ப காலத்திலிருந்தே உண்டு. கறுப்புத் திரையில் சர்வரின் பெயரையும் 443 என்ற வாசல் எண்ணையும் கொடுத்தால், அது காட்டும் சான்றிதழ், கையொப்பமிட்டவர், காலாவதித் தேதி எல்லாவற்றையும் கொட்டிவிடும். சான்றிதழ் தவறென்றாலும் பாதியில் நிறுத்தாது; முதல் விடை தப்பென்று விடைத்தாளை நாம் மூடிவைப்பதில்லையே, அதுபோல. கடைசியில் மதிப்பெண்ணும் போடும். 10 என்றால் காலாவதி. 0 என்றால் எல்லாம் சரி!