கொத்தான்: சென்னைக் கடலோரத்தின் ஒட்டுண்ணிக் கொடி

கொத்தான் பார்வைக்கு இலையே இல்லாத கொடி. பச்சையும் மஞ்சளும் கலந்த மெல்லிய தண்டுகள் புதர்களின்மேல் பின்னிப் படர்கின்றன. தொட்ட இடத்தில் உறிஞ்சுறுப்புகள் முளைத்து, அடுத்த செடியின் பட்டைக்குள் இறங்கி நீரையும் சத்தையும் எடுக்கின்றன. தண்டில் ஓரளவு பச்சையம் இருப்பதால் தானும் கொஞ்சம் உணவு தயாரிக்கும். தோற்றத்தில் ஒத்த அம்மையார் கூந்தல் இதற்கு உறவில்லை. இலவங்கப்பட்டை மரமும் கற்பூரமரமும்தான் கொத்தானின் குடும்பம்.

1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் நூலில் வான் ரீடே இக்கொடியைப் படத்துடன் சேர்த்தார். 1753-இல் லின்னேயஸ் கசைத்தா ஃபிலிஃபார்மிஸ் என்று பெயரிட்டார். இப்பேரினத்தில் சுமார் 20 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவுக்கு உரியவை. அவற்றுள் சிலவற்றை ராபர்ட் பிரவுன் 1810-இல் விவரித்தார்.

சென்னையின் தாவரங்களுக்கு முறையான பதிவு 1929-இல் கிடைத்தது. எழும்பூர் அருங்காட்சியகம் வெளியிட்ட பி. வி. மயூரநாதனின் நூல் அது. அப்போதே நகரின் நிலம் மாறிக்கொண்டிருந்தது. மயிலாப்பூரின் நெடிய ஏரியை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். பின்னர் அடையாற்றுக்குத் தெற்கே, மணல்மேடுகளும் முட்புதர்களுமாக இருந்த கடலோரத்தில் பெசன்ட் நகர் எழுந்தது. கொத்தானுக்குத் தேவை வெயிலும், மணற்பாங்கான நிலமும், ஒன்றையொன்று உரசி நிற்கும் புதர்களும். உயிர்வேலிகள் மதிற்சுவர்களாக மாறிய தெருக்களில் அதற்குப் பற்றுக்கோடே இல்லை. 1882-இல் பிரம்மஞான சபை வாங்கிய அடையாறு தோட்டமும், 1978-இல் தேசியப் பூங்காவான கிண்டிக் காடும் தப்பிப் பிழைத்த பசுமைத் துண்டுகள். பெருமரங்களைப் போற்றும் அளவுக்கு இந்நகரம் புதர்க்காட்டைப் போற்றியதில்லை. இழப்பு அங்கேதான் அதிகம்.

பற்றிப் படர்வதெல்லாம் களை என்று வெட்டி எறிவதும் பிழை. அடிலெய்டு பல்கலைக்கழக ஆய்வுகளில், ஆஸ்திரேலியக் கசைத்தா இனமொன்று உள்ளூர்ச் செடிகளைவிட, ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய கார்ஸ் போன்ற முட்புதர்களையே கடுமையாக நலிவித்தது.

கொத்தானை வளர்ப்பதற்குப் பொறுமை வேண்டும். வெண்ணிறக் கனியின் விதைக்கு உறை கடினம்; சற்றே உரசிவிட்டால் முளைப்பு எளிதாகும். மண்ணில் முளைத்த நாற்று வளைந்து தேடி ஒரு செடியைப் பற்றியதும் நாற்றின் வேர் பட்டுவிடும். பற்ற ஏதும் கிடைக்காவிட்டால் நாற்றே மடியும். எனவே குறுஞ்செடி வளரும் தொட்டியிலேயே விதைக்க வேண்டும். எலுமிச்சை, முந்திரி போன்றவற்றிலும் படர்ந்து தீங்கு செய்யும் என்பதால், அத்தொட்டியைப் பழமரங்களிலிருந்து விலக்கி வைப்பது அவசியம்.